மேன்ஷன் அறையில் வந்த எழுத்து, சொந்த ஃபிளாட்டில் ஏன் வரவில்லை?

சேப்பாக்கம்வாசி
ஞாயிறு, இரவு 10.40

ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

1997 முதல் 2003 வரை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன், அதாவது வெளியூர் ஆண்கள் வாடகைக்குத் தங்கும் விடுதி. வாலாஜா சாலைக்குப் பின்பக்கம் ஒரு சந்து. எட்டுக்குப் பத்து அறை, இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மாடிக்கு ஒரு வரிசை பாத்ரூம். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் விடுவார்கள், ஏழு மணிக்கு நின்றுவிடும். அதனால் ராத்திரியே பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். என் பக்கெட்டில் பச்சை பெயிண்டில் 34 என்று எழுதியிருக்கும். டோக்கன் வாங்கி மெஸ்ஸில் சாப்பாடு, பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம், ஞாயிறு சாயங்காலம் மெரினா. சென்னையில் எனக்கு யாரையும் தெரியாது. அந்த ஆறு வருஷத்தில் 31 கதைகள் எழுதினேன். அதில் பதினொன்று சிறுபத்திரிகைகளில் வந்தன.

இப்போது மேடவாக்கத்தில் சொந்த ஃபிளாட். மகன் கோவையில் படிக்கிறான். மனைவி வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும். எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. நல்ல மேஜை இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம்கூட இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை ஆள் சத்தமே கிடையாது. ஆனால் பத்து வருஷமாக ஒரு கதைகூட எழுதி முடிக்கவில்லை. உட்காருகிறேன், நாலு வரி எழுதுகிறேன், மூடி வைத்துவிடுகிறேன்.

அன்றைக்கு என்னை எழுத வைத்தது தனிமைதான் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மையானால் இப்போதும் தனியாகத்தானே இருக்கிறேன்? உங்கள் அனுபவம் என்ன?

ஓஎம்ஆர் பையன்
ஞாயிறு, இரவு 11.25

அண்ணா, எனக்கு 24 வயது. காரப்பாக்கத்தில் ஒரு பிஜியில் இருக்கிறேன். ஒரு அறைக்கு மூன்று பேர். நீங்கள் மேன்ஷனைப் பற்றி எழுதியதைப் படித்தபோது இதுதானே என் வாழ்க்கையும் என்று தோன்றியது. ஆனால் நான் எழுதவில்லை.

என் அறையில் இருக்கும் மற்ற இரண்டு பேரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருவர் எப்போதும் ஹெட்ஃபோனில் இருப்பார். எனக்கும் ஹெட்ஃபோன் இருக்கிறது. சாப்பாடு ஆப்பில் வருகிறது, கொண்டுவருகிறவர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் பேச ஆரம்பித்தபோது தொண்டை கட்டியிருந்தது, அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

கல்லூரியில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது போட்டோவோடு நாலு வரி போடுகிறேன், ஒரு மணி நேரம் லைக் எண்ணிக்கையைப் பார்க்கிறேன், அப்புறம் அழித்துவிடுகிறேன். தனிமை எழுத வைக்கும் என்றால் நான் இந்நேரம் பெரிய புத்தகமே போட்டிருக்க வேண்டும்.

இரவுவிளக்கு
திங்கள், காலை 6.10

சேப்பாக்கம்வாசி சார், உங்கள் பதிவை நேற்றே படித்துவிட்டேன். உடனே பதில் எழுதினால் கோபமாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போதும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, உங்கள் மேல் இல்லை.

மேன்ஷன் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன், எல்லாம் ஆண்கள் சொன்னவை. பெண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் கிடையாது. நான் மதுரையிலிருந்து 2003-ல் வந்து வேப்பேரியில் ஒரு பெண்கள் விடுதியில் நான்கு வருஷம் இருந்தேன். ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இலக்கியக் கூட்டம் ஆறு மணி என்று போட்டால் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கும். கட்டுரை வாசிப்பவர் முடிக்கும்போது எட்டு. அதற்குப் பிறகுதான் கேள்வி, சண்டை, விவாதம், கூட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கும். நான் எட்டு மணிக்கு எழுந்து, எல்லாருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். நான்கு வருஷத்தில் ஒரு விவாதத்தைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. கூட்டம் முடிந்து வாசலில் டீயோடு நின்று பேசுவதாகச் சொல்வார்களே, அதில் நான் நின்றதே இல்லை.

இப்போது அம்பத்தூரில் குடும்பம். வீட்டில் ஆறு பேர். தனியாக இருக்க ஒரு மூலைகூடக் கிடையாது, ஆனாலும் தனிமை இருக்கிறது. போன வாரம் யோசித்துப் பார்த்தேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாமே 'அது எங்கே இருக்கு', 'சாப்பாடு ஆச்சா' வகைதான்.

எனக்கு எழுத இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? பஸ்ஸில். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று வந்ததே, அதற்குப் பிறகு. முன்பெல்லாம் சும்மா பஸ்ஸில் சுற்றுவது என்றால் 'எதுக்குத் தண்டச் செலவு' என்று மனமே தடுக்கும். இப்போது இரண்டாவது சனிக்கிழமை மதியம், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஸ்டாப்பில் நிற்பேன். எந்த இலவச பிங்க் பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போவேன். அப்படியே திரும்பி வருவேன். இரண்டரை மணி நேரம். கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், அதன் பின்பக்கத்தில்தான் முதல் வரியை எழுதுவேன். சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள், ஒருவருக்கும் என்னிடம் எதுவும் வேண்டியிருக்காது. எனக்கு வேண்டிய தனிமை அதுதான். இதுவரை 19 கவிதைகள் அந்த பஸ்ஸில் வந்தவை.

சேப்பாக்கம்வாசி
திங்கள், காலை 8.55

இரவுவிளக்கு, நீங்கள் கோபப்பட்டது நியாயம். முழங்காலை இடித்துக்கொண்டு எழுந்து போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து முழங்காலை ஒதுக்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். பாதியில் போகிறார்களே, ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

நீங்கள் சொன்னது என் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டது. என் ஃபிளாட்டில் யாரும் இல்லை. உங்கள் பஸ்ஸில் நாற்பது பேர்.

பழைய தி.நகர்
திங்கள், பகல் 12.15

சகோதரி சொன்ன பஸ்ஸைப் படித்ததும் எனக்குப் பூங்கா ஞாபகம் வந்தது. அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அந்தப் பூங்காவில் காலையில் நடப்பவர்கள், சருகு கூட்டுகிறவர்கள், ஊஞ்சலுக்குச் சண்டை போடும் பிள்ளைகள், வேலை தேடி அலைந்து மதியம் பெஞ்சில் படுத்திருப்பவர்கள் என்று எல்லாரும் உண்டு. அதற்கு நடுவில் ஒரு மனிதர் தொடைமேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருப்பது யாருக்கும் விசேஷமாகத் தெரியாது. அவர் கதைகளில் வரும் மனிதர்கள் எல்லாம் அப்படிப் பூங்காவில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் மாதிரியே இருப்பார்கள்.

நகரம் நமக்குத் தருவதில் எனக்குப் பிடித்தது இது. கிராமத்தில் தனியாக உட்கார முடியாது, 'என்னப்பா ஒரு மாதிரி இருக்கே' என்று நாலு பேர் கேட்பார்கள். நகரத்தில் உட்காரலாம். உட்காரத்தான் இடம் குறைந்துகொண்டே வருகிறது. காசு கொடுத்தால் காபி ஷாப்பில் உட்காரலாம், சரி. காசில்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார இந்த ஊரில் எத்தனை இடம் சொல்ல முடியும்? கடற்கரை, பூங்கா, கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூலகம், கோயில் மண்டபம். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூவம்கரை
திங்கள், இரவு 9.50

நான் கதை எழுதுகிறவன் இல்லை, கானா பாடுகிறவன். சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன்.

பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கூவம் கரையோரம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஓலைத் தட்டி. தனியாக இருப்பது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பாட்டு வந்ததே கூட்டத்தில்தான். தெருவில் யாராவது செத்துப்போனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். செத்தவர் யார், என்ன வேலை பார்த்தார், யாருக்கு என்ன செய்தார் எல்லாம் பாட்டில் வரும். அந்த ராத்திரிக்குள்ளே கட்டுகிற பாட்டு அது. எனக்கு பதினொரு வயதில் முதல் தடவை தாளம் தட்டக் கொடுத்தார்கள், ஒரு எண்ணெய் டின்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். எட்டு மாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. எங்களுக்கு ஆறாவது மாடி. கான்கிரீட் வீடு, கதவு, தாழ்ப்பாள், பாத்ரூம். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மாவுக்கு மழைக்காலத்தில் பயமில்லாமல் தூங்க முடிகிறது. ஆனால் ஒரே தெருவில் இருந்தவர்களை வேறு வேறு பிளாக்கில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த மாமா எந்த பிளாக் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது. அவர் அப்போதெல்லாம் காலையில் இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறி பழைய இடத்துக்கு வேலைக்குப் போவார், வரும்போது ராத்திரி. யாருக்கு யாரோடு உட்கார நேரம்?

இரண்டு வருஷம் ஒரு பாட்டும் கட்டவில்லை. நீங்கள் சொல்கிறீர்களே மேஜை, ஜன்னல், ஆள் சத்தமில்லாத வீடு, அது எங்கள் குடும்பத்துக்கு முதல் தடவையாகக் கிடைத்தது. கிடைத்ததும் வாய் மூடிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் கரன்ட் போய், லிஃப்ட் ஓடவில்லை. படியில் ஏறி வரும்போது நாலாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். சும்மா ஒரு வரி முணுமுணுத்தேன். அந்தப் படிக்கட்டுக் கூண்டில் குரல் எட்டு மாடிக்கும் போய்த் திரும்பி வந்தது. மேலிருந்து யாரோ ஒரு பையன் கைப்பிடிக் கம்பியில் தாளம் தட்டினான். யாரென்று தெரியவில்லை, இருட்டு. நான் அடுத்த வரி பாடினேன், அவன் தட்டினான். கால் மணி நேரம் அப்படியே போனது. இப்போது அந்த நாலாவது மாடித் திருப்பத்தில்தான் வாரத்தில் இரண்டு ராத்திரி உட்காருகிறோம். நாங்கள் ஐந்து பேர், கேட்க படியில் இருபது பேர் உட்காருவார்கள். சத்தம் என்று திட்டுகிறவர்களும் உண்டு, அதனால் பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம்.

பக்கத்தில் கண்ணகி நகரில் 2020-ல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம மீன்கார அம்மா மாதிரியே இல்ல?' என்று ரொம்ப நேரம் நின்றாள். அந்த மீன்கார அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்காக ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரவுவிளக்கு
திங்கள், இரவு 10.30

கூவம்கரை தம்பி, அந்தப் பாட்டு முடிந்ததும் இங்கே வரிகளைப் போடுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.

கரித்துண்டு
செவ்வாய், மாலை 5.20

நான் ஓவியன். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். 1850-ல் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது, சிவப்புக் கட்டடங்கள், மரங்கள். உள்ளே இருக்கும்வரை நகரமே தெரியாது. படித்து முடித்து வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கால் வைத்ததும்தான் தெரியும், இனிமேல் நம் படத்தைப் பார்க்க ஒரு ஆள் கிடையாது என்று.

எங்களுக்கு முந்தைய தலைமுறை இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறது. கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அதைக் கவனித்திருக்கிறார். திறமையான பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வேறு பிழைப்புக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அவரும் மாணவர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள்கள் என்று செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது இப்படித்தான். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே இருந்த கடற்கரை மணல். கைவினையில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் தன் ஓவியம், தன் சிற்பம்.

நான் மாணவனாக அங்கே பல தடவை போயிருக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனியாக வேலை செய்கிற இடம். கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் வந்து தட்ட மாட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டிலும் ஒருவர் அதே மாதிரி மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் ஒரு பெரியவர் வீட்டில் ஈரம் காயாத கேன்வாஸ் ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர் லுங்கியோடு வந்தார், ஒன்றும் பேசவில்லை, பத்து நிமிஷம் பார்த்தார். இடது மூலையைக் கையால் மறைத்துப் பார்த்தார். 'ம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் நான் போனபோது இடது மூலை மாறியிருந்தது.

எல்லாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் வேறு ஊருக்கு. அங்கேயும் மனக்கசப்புகள் இருந்திருக்கும், மனிதர்கள்தானே. ஆனால் அந்த 'ம்' எனக்கு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. நான் இப்போது போரூரில் தனியாக வரைகிறேன். வரைகிறேன், சுவரில் சாத்துகிறேன், நானே பார்க்கிறேன்.

சேப்பாக்கம்வாசி, உங்களை ஒன்று கேட்கிறேன். மேன்ஷனில் ஒரு கதையை எழுதி முடித்தவுடன் முதலில் யாரிடம் காட்டினீர்கள்?

செவிமடல்
செவ்வாய், இரவு 8.05

நான் மனநல ஆலோசகராக வேலை பார்ப்பவள். இந்த இழையில் 'தனிமை' என்ற ஒரே சொல் இரண்டு வேறு நிலைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. தனித்திருப்பது ஒன்று, அதை நாமே தேடிப் போகிறோம், வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடலாம். தனிமைப்பட்டுப் போவது இன்னொன்று, அதற்கு ஆள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே இல்லை. இரவுவிளக்கு ஆறு பேருக்கு நடுவில் அனுபவிப்பது அதுதான்.

தனிமைப்பட்டுப் போன மனம் கற்பனைக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் பார்ப்பது வேறு. அந்த நிலை நீடித்தால் மனம் எப்போதும் காவலுக்கு நிற்கும். எதிரில் இருப்பவர் முகத்தில் வெறுப்பு தெரிகிறதா, நம்மைத் தவிர்க்கிறார்களா என்று துழாவிக்கொண்டே இருக்கும். ஓஎம்ஆர் பையன் லைக் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அழிக்கிறாரே, அது அந்தக் காவல் வேலைதான். காவலுக்கு நிற்கிற மனதுக்கு விளையாட நேரம் ஏது?

இது ஒருவருடைய பலவீனம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் கடைசியில் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது, இளம் வயதினரிடம் அது அதிகம் என்றும் சொல்கிறது. பிரிட்டன் 2018-லும் ஜப்பான் 2021-லும் இதற்கென்றே அமைச்சர் பொறுப்பை உருவாக்கின.

ஓஎம்ஆர் தம்பி, இரண்டு நாள் பேசாமல் இருந்ததை நீங்களே கவனித்து எழுதியிருப்பது நல்ல விஷயம். தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அந்த அளவுக்கு இல்லை என்றால், சாப்பாடு கொண்டுவருகிறவரிடம் கீழே இறங்கிப் போய்க் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் கேளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

சேப்பாக்கம்வாசி
புதன், இரவு 11.50

கரித்துண்டு சார், நேற்று உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு மொபைலை வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒருவர் இருந்தார். எப்படி அவரை மறந்தேன் என்று தெரியவில்லை. மறக்கவில்லை, கணக்கில் சேர்க்கவில்லை.

என் எதிர் அறை, 37. கல்லிடைக்குறிச்சிக்காரர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என்னைவிட பத்து வயது பெரியவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். குடும்பம் ஊரில். ஊருக்குப் போய் வரும்போது ஒரு கட்டு அப்பளம் கொண்டுவருவார், மெஸ்ஸில் கொடுத்துப் பொரிக்கச் சொல்லி எல்லாருக்கும் வைப்பார். இலக்கியம் எல்லாம் அவருக்குப் பழக்கம் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து, கால் கழுவிவிட்டு, என் அறை வாசலில் சாய்ந்து நிற்பார். 'என்னவே, இன்னைக்கு எழுதினீரா?' என்று கேட்பார். எழுதியிருந்தால் கட்டிலில் உட்கார்ந்து 'படியும்' என்பார். எழுதவில்லை என்றால் 'சரி, நாளைக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறு வருஷம், ஏறக்குறைய எல்லா ராத்திரியும்.

1999 ஜனவரி 31, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். எங்கள் மேன்ஷனில் மேனேஜர் ஹாலில் ஒரு டிவி. ஆனால் டிவியில் தெரிவதற்கு முன்பே ஸ்டேடியத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடும். சச்சின் 136-ல் அவுட் ஆனபோது சத்தம் வரவில்லை, நின்றுபோனது. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். 12 ரன்னில் தோற்றோம். மேன்ஷனில் யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டேடியத்தில் கைதட்டல் எழுந்தது, ஜெயித்த பாகிஸ்தான் வீரர்கள் சுற்றி ஓடி வருகிறார்கள், ஊரே எழுந்து நின்று தட்டுகிறது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'இதை எழுதும்வே' என்றார். அன்றைக்கு ராத்திரியே ஸ்டேடியம் வாசலில் வேர்க்கடலை விற்கும் ஒரு கிழவரைப் பற்றி எழுதினேன். ஒரு மணிக்கு அவரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். என் கதைகளில் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இதைத்தான் தனிமை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், இருபது வருஷமாக. சுவருக்கு அந்தப்பக்கம் இருமல் சத்தம், பக்கெட் உருளும் சத்தம், வாசலில் ஒரு ஆள். பகலெல்லாம் தனியாக இருந்தேன், சரி. ஆனால் ஒன்பதரை மணிக்கு ஒருவர் வருவார் என்று தெரிந்துதான் எழுதினேன்.

2003-ல் கல்யாணமாகி அறையைக் காலி செய்தேன். அப்போது ஒரு கதை பாதியில் நின்றது. அப்புறம் எழுதியதெல்லாம் இரண்டு மூன்றுதான். மனைவியிடம் ஒரு தடவைகூடப் படித்துக் காட்டியதில்லை. அவருக்கு இதில் ஆர்வம் இருக்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன். கேட்டதே இல்லை. இதை எழுதும்போது கஷ்டமாக இருக்கிறது.

ஓஎம்ஆர் பையன்
வியாழன், இரவு 9.15

செவிமடல் மேடம், இறங்கிப் போய் வாங்கினேன். என் வயதுதான், திருவாரூர் பக்கம். மழையில் நனைந்திருந்தார். அடுத்த ஆர்டர் வரும்வரை வாசல் ஷெட்டில் நின்று பேசினோம். அவரும் பாட்டு எழுதுவாராம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும்போது உரக்கப் பாடிக்கொள்வாராம், ஹெல்மெட்டுக்குள் நன்றாக எதிரொலிக்கும் என்றார். கூவம்கரை அண்ணன் சொன்ன படிக்கட்டு ஞாபகம் வந்தது. சனிக்கிழமை என்னைப் பெரும்பாக்கம் வரச் சொன்னால் அவரையும் கூட்டி வரலாமா?

கூவம்கரை
வியாழன், இரவு 10.20

வாங்க தம்பி. எட்டு மணிக்கு. மெயின் ரோட்டு டீக்கடை பக்கம் நின்று இங்கே ஒரு மெசேஜ் போடுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன். படியில் உட்கார ஒரு பழைய பேப்பர் எடுத்து வாங்க, தரை சில்லென்று இருக்கும்.

கரித்துண்டு
வெள்ளி, காலை 7.30

நானும் வரலாமா? பாடத் தெரியாது. ஓரமாக உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பேன்.

கூவம்கரை
வெள்ளி, காலை 7.45

தாராளமா வாங்க சார்.

சேப்பாக்கம்வாசி
ஞாயிறு, இரவு 10.10

பழைய ரூம்மேட் ஒருவரிடம் அண்ணாச்சியின் நம்பர் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன், வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு. 2009-லேயே ஊருக்குப் போய்விட்டாராம். அவரும் அவர் வீட்டம்மாவும் அப்பளம் போட்டு விற்கிறார்கள். குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. நான் பெயரைச் சொன்னதும் நலம் விசாரிக்கவில்லை, பிள்ளைகள் எத்தனை என்று கேட்கவில்லை.

'ஏ, அந்தக் கதை பாதியில நின்னுச்சே. வேலை கெடைக்காம ஊருக்குத் திரும்புதானே ஒரு பய, பையைத் தூக்கிக்கிட்டு எழும்பூர் ஸ்டேஷன்ல நிப்பானே. அவன் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனானா இல்லையாவே?'

22 வருஷம் கழித்து. எனக்கே அந்தக் கதையில் என்ன இருந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. பேச முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் இருந்த மனைவி என்ன ஆச்சு என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, அவரிடம் மேன்ஷன், பக்கெட், அண்ணாச்சி எல்லாம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை. பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை அவர்தான் இறக்கினார். நோட்டில் அந்தக் கதை ஒன்பது பக்கம் இருக்கிறது. பத்தாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி.

இரவுவிளக்கு
ஞாயிறு, இரவு 10.35

ஏறினானா?

சேப்பாக்கம்வாசி
ஞாயிறு, இரவு 11.20

இன்னும் ஏறவில்லை. நேற்றும் இன்றும் சேர்த்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பிளாட்பாரத்தில் ஒரு அம்மா அவனிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். வண்டி கிளம்ப ஏழு நிமிஷம் இருக்கிறது, அவரை இன்னும் காணோம். நாளை ஒன்பதரைக்கு அண்ணாச்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். மனைவி ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறார்.